ஷ்வாவைக் காதில் போடுங்கள்: ஆங்கிலப் பாடக்குழுவினருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் ஆங்கிலப் பாடக்குழுவினருக்கும், தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் சக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கிலப் பேச்சில் மற்ற எந்த உயிரொலியையும் விட அதிகமாக வருவது ஷ்வா. அழுத்தம் விழாத அசையில், நாக்கும் உதடும் எந்த வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கும்போது வருகிற மங்கலான, குட்டி அகரம் அது. அகராதியில் ஆங்கில ‘ஈ’ எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு அதைக் குறிப்பார்கள். பயிற்சிக் கல்லூரியில் நாம் எல்லோரும் படித்த 44 ஒலிகளின் அட்டவணையில் ஒரு கட்டத்தில் அது உட்கார்ந்திருக்கும். பிரிட்டிஷ் உச்சரிப்பின் 20 உயிரொலிகளில் அதுவும் ஒன்று என்று படித்தோம், தேர்வில் எழுதினோம், அப்புறம் மறந்தோம். பேச்சில் இத்தனை இடம் பிடித்திருக்கும் ஒலிக்கு அட்டவணையில் ஒரு கட்டம்தான். அந்த அட்டவணையை அப்படியே வகுப்பறைச் சுவரில் மாட்டிவிட்டு, ஒலி சொல்லிக்கொடுத்தாயிற்று என்று நினைத்துக்கொள்கிறோம். என் குறை அங்கேதான்.

எட்டாம் வகுப்பில் ஒரு வாக்கியத்தை ஒலிப்பதிவிலிருந்து போட்டுக் காட்டுங்கள்: ‘ஷி வாஸ் அட் ஹோம் ஃபார் அன் அவர்.’ மொத்தம் ஏழு சொல். ஏழுமே பிள்ளைகளுக்குத் தெரியும். கரும்பலகையில் எழுதினால் தடுக்காமல் படித்துவிடுவார்கள். காதால் கேட்டு எழுதச் சொல்லுங்கள், பல நோட்டுகளில் ‘ஷி’, ‘ஹோம்’, ‘அவர்’ மூன்றுதான் இருக்கும். நடுவில் இருந்த நாலு சொல் எங்கே போயின? ‘வாஸ்’ என்பது ‘வஸ்’ ஆகிவிட்டது. ‘அட்’ பாதி கரைந்துவிட்டது. ‘ஃபார் அன் அவர்’ மூன்றும் ஒட்டிக்கொண்டு ‘ஃபரனவர்’ என்று ஒரே மூச்சில் போய்விட்டன. அந்த நாலிலும் உயிரொலி ஷ்வா.

பேசியவர் வேகமாகப் பேசிவிட்டார் என்று பிள்ளை நினைக்கும். நாமும் ‘வெள்ளைக்காரங்க அப்படித்தான் பேசுவாங்க’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். அதே பதிவைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். அப்போதும் ‘வாஸ்’ வராது, இழுத்த ‘வஸ்’தான் வரும். வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நாம் சொல்லிக்கொடுத்த ‘வாஸ்’ அந்த வாக்கியத்தில் முதலிலிருந்தே கிடையாது. இல்லாத ஒலிக்காகப் பிள்ளை காத்திருக்கிறது, அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது.

‘கேன்’ இன்னும் வம்பானது. சாதாரணப் பேச்சில் அது ‘ஐ கன் கம்’ என்று அமுங்கிவிடும். முழு உயிரோடு நிமிர்ந்து நிற்பது ‘முடியாது’ என்கிற எதிர்மறை வடிவம்தான். அமெரிக்கர்கள் அந்த எதிர்மறையின் கடைசி ‘ட்’டை முழுதாக வெடிக்க விடுவதில்லை. அதனால் உயிரொலியை வைத்தே இரண்டையும் பிரித்துக்கொள்கிறார்கள். நம்மாள் எல்லாச் சொல்லுக்கும் சம மரியாதை கொடுத்து, ‘கேன்’னை அழுத்திச் சொன்னால், வருகிறேன் என்றது வர முடியாது என்று கேட்டுவிடக்கூடும். தொலைபேசியில் வேலை பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமில்லை.

இது தமிழ் நாக்குக்கு வராத ஒலி என்று யாரும் சொல்ல வேண்டாம். ‘மரம்’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். இரண்டாம் அசையில் வரும் அகரம் ஷ்வாவுக்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. காதும் நன்றாகத்தான் இருக்கிறது. டாக்டர், கலெக்டர், கண்டக்டர், இன்ஸ்பெக்டர் எல்லாவற்றின் கடைசியிலும் ஆங்கிலத்தில் ‘ஓ, ஆர்’ என்றுதான் எழுத்து. யாராவது ‘கண்டக்டோர், ஒரு டிக்கெட் குடுங்க’ என்று கேட்டதுண்டா? பள்ளிக்கூடப் படியை மிதிக்காத பாட்டிகூட ‘டாக்டர்’ என்றுதான் சொல்வார். காது வழியாக ஊருக்குள் வந்த சொற்கள் அவை. கண் வழியாக வந்தவைதான் தகராறு செய்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது: சாக்லேட், பிரைவேட், கிளைமேட், சர்டிஃபிகேட், வெஜிடேபிள். எழுத்தில் ‘ஏ’ தெரிகிறது, வாயிலும் ‘ஏ’ வந்துவிடுகிறது. ஆங்கிலேயர் சொல்லும்போது அவை சாக்லட், பிரைவட், கிளைமட் என்பதற்குக் கிட்டத்தில் இருக்கும்.

உயிரொலி குறுகும் என்ற கருத்தும் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. நடுநிலை வகுப்பிலேயே குற்றியலுகரம் படித்துவிடுகிறார்கள். ‘நடு’ என்னும்போது கடைசி உகரம் முழுசாக ஒரு மாத்திரை. ‘நாடு’ என்னும்போது அதே எழுத்து அரை மாத்திரையாகச் சுருங்குகிறது, உதடும் சரியாகக் குவிவதில்லை. ‘தலைவன்’ என்ற சொல்லின் ஐகாரம் இரண்டு மாத்திரையிலிருந்து ஒன்றாகக் குறைவதும் தெரியும். எழுத்து மாறவில்லை, ஒலி குறுகிவிட்டது. ஷ்வாவும் இந்த வகைதான். ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும்: தமிழில் குறுக்கம் எழுத்து எங்கே நிற்கிறது, பக்கத்தில் எது நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் அழுத்தத்தைப் பொறுத்தது. தமிழில் அழுத்தம் மாறினால் சொல் மாறாது என்பதால், அதைக் கவனிக்கும் பழக்கம் நமக்கு வரவில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே ஸ்டாஃப் ரூமில்தான் உட்கார்ந்திருக்கிறோம். சம்பளக் கமிஷன் பற்றிப் பேசும் நேரத்தில் கால்வாசி இதைப் பற்றிப் பேசியிருந்தால் போதும்.

ஆகவே ஷ்வாவைத் தனியாகத் தூக்கிக் கற்பிக்க முடியாது. அழுத்தம் முதலில், ஷ்வா அதன் பின்னால் தானாக வரும். ஆறாம் வகுப்பில் பெயரோ குறியீடோ எதுவும் வேண்டாம். சொல்லின் அசைகளை வெறும் ‘ட’வால் சொல்லச் சொல்லுங்கள்; அழுத்தம் விழும் அசைக்கு மட்டும் ‘டா’. பனானா என்றால் ‘டடாட’. டுமாரோ, கம்ப்யூட்டர் இரண்டும் அதே ‘டடாட’. எலிஃபன்ட், ஹாஸ்பிட்டல் என்றால் ‘டாடட’. போலீஸும் பலூனும் ‘டடா’. பிள்ளைகளுக்கு இது விளையாட்டு, வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பாடம்தான் நடக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பத்துச் சொல்லை இப்படிப் பிரித்தபின், ‘பனானாவில் மூன்று ஏ இருக்கிறதே, மூன்றும் ஒரே மாதிரியா கேட்கிறது?’ என்று மட்டும் கேளுங்கள். பதில் அவர்களிடமிருந்தே வரும்.

எட்டு, ஒன்பதாம் வகுப்பில் அழுத்தம் தாவுவதைக் காட்டலாம். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் அழுத்தம் முதல் அசையில். கடைசியில் ‘அர்’ சேர்த்துப் படம் எடுப்பவர் ஆக்கினால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவி, முதல் அசையின் ‘ஓ’ அமுங்கி, சொல் ஏறக்குறைய ‘ஃபடாக்ரஃபர்’ ஆகிவிடும். நம் நாக்கு இரண்டு இடத்திலும் ‘ஃபோட்டோ’வை விடாமல் பிடித்துக்கொள்கிறது.

‘ஏட்’ என்று முடிகிற சொற்கள் இன்னும் சுலபம், இலக்கணமும் கூடவே வரும். ‘எஸ்டிமேட்’ வினையாக வந்தால் கடைசி அசை முழுசாக ‘மேட்’. கொத்தனார் எழுதித் தரும் பெயர்ச்சொல் எஸ்டிமேட் ஆங்கிலேயர் வாயில் ‘எஸ்டிமட்’. கிராஜுவேட்டும் இதே மாதிரி: பட்டதாரி என்ற பொருளில் கடைசியில் ஷ்வா, பட்டம் பெறு என்ற பொருளில் முழு ‘ஏட்’. ‘செப்பரேட்’ என்பதும் பெயரடையாக வரும்போது சுருங்கும், வினையாக வரும்போது விரியும். ஒரு பீரியடில் இவ்வளவையும் முடிக்கலாம்.

எதிர்வாதங்கள் எனக்கும் தெரியும். முதலாவது, எழுத்தின்படி உச்சரிப்பதால்தான் நம் பிள்ளைகளுக்கு ஸ்பெல்லிங் நன்றாக வருகிறது என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களே கிராமர், கேலண்டர் என்ற சொற்களின் முடிவில் ‘ஏ’ போடுவதா ‘ஈ’ போடுவதா என்று தடுமாறுகிறார்கள். அந்த இடத்தில் ஷ்வா இருப்பதால் எழுத்தைக் காது காட்டிக்கொடுக்காது. அமெரிக்காவில் 1925 முதல் நடந்துவரும் தேசிய ஸ்பெல்லிங் பீ போட்டியில், மேடையில் நிற்கும் சிறுவர்கள் இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்பதற்கு ஒரு காரணம் இதுவே. ஆனால் இதற்கு வழி உண்டு. அமுங்கிய உயிர், அதே குடும்பத்தின் இன்னொரு சொல்லில் வெளியே வரும். பாப்புலர் என்பதன் கடைசி உயிரெழுத்தில் சந்தேகமா, பாப்புலாரிட்டி என்று சொல்லிப் பார். கிராமருக்கு கிராமட்டிக்கல். சிமிலருக்கு சிமிலாரிட்டி. உச்சரிப்பு, ஸ்பெல்லிங், சொல்வளம் மூன்றும் ஒரே பாடத்தில் நடந்துவிடும்.

இரண்டாவது வாதம் கனமானது. இந்திய ஆங்கிலம் என்று ஒன்று இருக்கிறது, அது குறையுள்ள ஆங்கிலம் அல்ல, நாம் ஏன் லண்டன்காரர் மாதிரி பேச வேண்டும்? நூற்றுக்கு நூறு சம்மதம். பல நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிகள் தவறினால் புரியாமல் போகிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000இல் வெளியிட்ட தன் முடிவுகளில் இந்த அமுங்கிய வடிவங்களை அவசியப் பட்டியலில் சேர்க்கவில்லை. நைஜீரியரும் நாமும் பேசும்போது முழு உயிரொலியோடு பேசினால் நஷ்டம் எதுவும் இல்லை. ஆகவே பிள்ளையின் வாயைத் திருத்தும் வேலையாக ஷ்வாவை எடுத்துக்கொள்ளாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோளின் நடு நரம்பு. சாக்லேட் என்று சொல்லும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ‘சாக்லட்’ என்று ஒருவர் சொன்னால் அதே பொருள்தான் என்று அதற்குப் பிடிபட வேண்டும். கேட்பதற்குக் கட்டாயம், பேசுவதற்கு அவரவர் விருப்பம். சுவரொட்டியில் அமெரிக்க உச்சரிப்பு விற்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கடைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. எல்லா உயிரையும் விழுங்கிவிட்டுப் பேசினால் ஸ்டைல் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. எதை விழுங்கக் கூடாது என்பது தெரியாமல் போகிறது.

எழுத்துகளை அவற்றின் ஒலியைக் கொண்டு படிக்கப் பழக்கும் ஃபோனிக்ஸ் முறை பற்றி ஒரு வார்த்தை. தொடக்க வகுப்புகளில் ‘ப்’ ஒலியை ‘ப’ என்று இழுக்காதீர்கள், பின்னால் உயிர் சேர்க்காதீர்கள் என்று பயிற்சியில் கண்டிப்பாகச் சொல்கிறார்கள். சரியான கண்டிப்புதான். வரக்கூடாத இடத்தில் ஷ்வாவைத் துரத்த இவ்வளவு பாடுபடுகிறோம். இரண்டு, மூன்று அசைச் சொற்கள் வரத் தொடங்கும்போது அது வர வேண்டிய இடத்தைக் காட்ட யாரும் இல்லை.

இனி பயிற்சி. 1950களின் இறுதியில் அன்றைய சென்னை மாநிலத்தில், தொடக்கநிலை ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. மேலே பயிற்சி பெற்றவர் அடுத்த கட்டத்தினருக்கு, அவர்கள் அதற்கடுத்தவர்களுக்கு என்று உருண்டு பெருகும் ஏற்பாடு. உலக ஆங்கிலக் கல்வி வரலாற்றில் அதற்கு ‘மெட்ராஸ் ஸ்னோபால்’ என்றே பெயர். இன்றும் மாநிலம், மாவட்டம், வட்டாரம் என்று அதே படிக்கட்டில்தான் பயிற்சி இறங்குகிறது. பாடத்திட்டக் குறிப்பு இப்படி இறங்கலாம், ஒலி இறங்காது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் எழுத்தாக மாறி, கடைசியில் வகுப்புக்கு வரும்போது ஒரு வரையறையும் ஒரு குறியீடும்தான் மிஞ்சும். ஆசிரியரை இதில் குற்றம் சொல்ல மாட்டேன். அவருடைய காதுக்கே யாரும் எதையும் போட்டுக் காட்டவில்லை.

ஒலி நேராக வகுப்புக்கு வரட்டும். பாடநூலில்தான் கியூஆர் கோடு இருக்கிறதே. ஒவ்வொரு பாடத்தின் அருஞ்சொற்களையும், பாடத்திலிருந்து ஐந்தாறு வாக்கியங்களையும் இரண்டு குரல்களில் பதிவு செய்து அதில் வையுங்கள். ஒன்று மதுரையிலோ திருநெல்வேலியிலோ இருக்கும் நல்ல ஆங்கில ஆசிரியரின் குரல், இன்னொன்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவரின் குரல். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் எது சுருங்குகிறது என்று விளங்கிவிடும். நூலின் பின்னாலுள்ள சொற்பட்டியலில் அழுத்தம் விழும் அசையைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள், காகிதச் செலவு அதிகமாகாது. வாரத்துக்கு ஒரு முறை, ஐந்து நிமிடம், கேட்டு எழுதும் பயிற்சி இருக்கட்டும். அதில் ‘வாஸ்’, ‘அட்’, ‘ஃபார்’, ‘ஆஃப்’ போன்ற சின்னச் சொற்களுக்கு மட்டும் மதிப்பெண் போடுங்கள்.

ஒன்று மட்டும் செய்துவிடாதீர்கள். ‘ஷ்வா என்றால் என்ன?’ என்று ஒரு மதிப்பெண் கேள்வி கேட்டுவிடாதீர்கள். மறுநாளே கைடில் விடை வந்துவிடும், பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுவார்கள், யாருக்கும் எதுவும் காதில் விழாது.

இப்படிக்கு,
வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் ஓர் ஆசிரியர்