கிரிகல்பொத்த ஏறப்போற பயலுகளுக்கு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சித்திரை லீவு வருது, நுவரெலியா சீசனும் தொடங்கிரும், அதோட கொழும்பு பக்கமிருந்து வாற பொடியன்களும் நம்ம தோட்டத்து பயலுகளும் கூட்டம் கூட்டமா மலை ஏற கிளம்பிருவாங்க. ஏறட்டும், நான் வேணாம்னு சொல்லல, நானும் இருபது வருஷமா ஏறுறவன்தான். ஆனா கிரிகல்பொத்தவுக்கு போறோம்னு யாராவது சொன்னா மட்டும் எனக்கு வயித்த கலக்குது, அதான் இந்த கடிதம்.

நாட்டிலேயே பெரிய மலை பீதுருதாலகால, 2524 மீட்டர், ஆனா உச்சியில ராணுவமும் டீவி கோபுரமும் இருக்கிறதால நடந்து ஏற விடமாட்டாங்க, வாகனத்துல போய் பாத்துட்டு வரலாம் அவ்ளோதான். அதனால நடந்து ஏறக்கூடியதுல ஆக உசரம் ஹோட்டன் சமவெளிக்குள்ள இருக்கிற கிரிகல்பொத்த, 2388 மீட்டர். சமவெளிக்குள்ள பார் இன்னு (Farr Inn) ஒரு பழைய கட்டடம் இருக்கு, அதுக்கு பக்கத்துல நடக்க தொடங்குற இடமே 2100 தாண்டி இருக்கு, அப்ப ஏறவேண்டியது 300 மீட்டர் கூட வராதே, நல்லதண்ணியிலேருந்து சிவனொளிபாத மலைக்கு 5000 படிக்கு மேல ஏறுன நமக்கு இதெல்லாம் ஒரு மலையான்னு பயலுக கேக்குறாங்க. அங்க படி கட்டி வச்சிருக்கு, சீசன்ல விடிய விடிய லைட் எரியுது, களைச்சா தேத்தண்ணி கடை, முன்னாலயும் பின்னாலயும் சனம். இங்க புல்வெளி, சேறு, ஓடை, திரும்பவும் காடு, ஆளை மறைக்கிற குட்டை மூங்கில், ஏறி இறங்கி ஏறி இறங்கி போய் கடைசியில பாறை. போக வர 14 கிலோமீட்டர் கிட்ட வரும்.

ஸ்கொட்லாந்துல நைஸ்மித்னு ஒரு மலையேறி 1892ல ஒரு கணக்கு சொல்லி வச்சாரு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணித்தியாலம், அதோட ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணித்தியாலம் சேத்துக்கணும்னு. அத வச்சு பாத்தா ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள உச்சியில நிக்கணும். எங்களுக்கு நாலேகால் ஆச்சு.

அந்த கதையையும் சொல்லிர்றேன், பிழை என்மேலதான். மச்சான் மகனும் அவன் கூட்டாளிமார் மூணு பேரும் கொழும்புலேருந்து வந்திருந்தானுக, இதே சித்திரை லீவுதான். காலை 6 மணிக்கே உள்ள போயிருக்கலாம், ஆனா வழியில ரொட்டி சாப்பிட்டு போட்டோ புடிச்சு நடக்க தொடங்கும்போதே எட்டரை. பாறைக்கு கீழ போய் சேரும்போது பன்னெண்டரை, வெள்ளையா மேகம் ஏறிக்கிட்டு இருந்திச்சு. "இன்னும் பதினஞ்சு நிமிஷம்தான் மாமா"ன்னான். நானும் சரின்னுட்டேன். மேல போனா ஒரு மண்ணும் தெரியல, பக்கத்துல நிக்கிறவன் முகம் தெரியல, அப்பதான் முதல் இடி கேட்டிச்சு. இறங்கும்போது மழை புடிச்சிக்கிச்சு, மூங்கிலுக்குள்ள பாதை விட்டுப்போச்சு, காலையில வரும்போது ஒருத்தனாவது திரும்பி பாத்து இந்த இடம் வரும்போது எப்படி தெரியும்னு மனசுல வச்சிருந்தா அந்த ஒரு மணித்தியாலம் மிஞ்சியிருக்கும். ஜீன்ஸ் போட்டிருந்த பொடியன் நடுங்கி நடுங்கி ஒரு கட்டத்துல நடுக்கம் நின்னு பேச்சு குழற ஆரம்பிச்சிட்டான், நடுக்கம் நின்னா நல்லதுன்னு நினைக்காதீங்க, அதுதான் மோசம். ஈர உடுப்ப கழட்டிட்டு என் ஸ்வெட்டர போட்டு, பிளாஸ்க்ல மிஞ்சியிருந்த சீனி போட்ட தேத்தண்ணிய ஊத்தி, ஆள நடுவுல வச்சுக்கிட்டு போன் லைட்ல வந்து சேந்தப்ப ஆறே முக்கால். அவன் அம்மாவுக்கு இன்னைக்கும் முழு கதை தெரியாது.

சித்திரையில நம்ம மலையில நடக்கிறது எப்பவும் இதேதான். விடியக்காலை கண்ணாடி மாதிரி இருக்கும், வெயில் ஏற ஏற சூடான காத்து சரிவு வழியா மேல போய் மேகமா கூடும், பின்னேரம் இடி மின்னலோட கொட்டும். அதே சமவெளியில இருக்கிற உலக முடிவு பள்ளமே பத்து மணிக்கு மேல அநேகமா மேகத்துல மூடிருது. கொழும்புல 32 பாகை வெயில் அடிக்கிற நாள்லயும் அந்த உசரத்துல 16, 17தான் இருக்கும், நனைஞ்சு காத்தும் அடிச்சா மார்கழி மாதிரி. மின்னல் கண்டு 30 எண்றதுக்குள்ள இடி கேட்டா மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள வந்திருச்சுன்னு அர்த்தம், அப்ப பாறை உச்சியிலயும் வெட்டவெளி புல்லுலயும் தனி மரத்தடியிலயும் நிக்கப்படாது.

அதனால நான் இப்ப செய்றது இதுதான். முந்தின நாளே எல்லாருக்கும் முன்னால 11 மணின்னு சொல்லிர்றது. 11 ஆனா உச்சி கைக்கெட்டுற தூரத்துல இருந்தாலும் திரும்பிர்றது. தலவாக்கலையிலேருந்து விடிய மூணரைக்கு வேன், கேட் திறக்கும்போது நாங்க அங்க நிக்கணும், எங்க போறோம்னு சொல்லிட்டுத்தான் உள்ள போவோம். ஆளுக்கு மூணு லீட்டர் தண்ணி, மழை கோட்டு, மாத்து உடுப்பு, தலையில மாட்டுற டோர்ச். போன் லைட்ட நம்பாதீங்க, குளிர்ல பட்டரி சட்டுனு இறங்கிரும். சாப்பாட்ட பொலித்தீன்ல கட்டிட்டு போனா கேட்லயே பிரிச்சு எடுத்துருவாங்க, வாழை இலையில கட்டுங்க, இல்லாட்டி டிபன்ல போடுங்க.

போன வருஷம் 11 மணிக்கு நாங்க பாறைக்கு கீழயே நின்னோம். திரும்பிட்டோம். மச்சான் மகன் ரெண்டு நாள் என்கூட பேசல. அன்னைக்கு பின்னேரம் மழையும் பெய்யல, அத வேற சொல்லி சொல்லி காட்டுறான், காட்டட்டும்.

ஆசிரியர் ஐயாகிட்ட ஒரு சின்ன வேண்டுகோள். லீவு மாசத்துலயாவது ராசிபலன் பக்கத்துல ஒரு ரெண்டு வரி இடம் ஒதுக்கி, மலையகத்துக்கு இன்னைக்கு இடி மழை இருக்கா, பொழுது எத்தனை மணிக்கு சாயுதுன்னு போடுங்க. கூடவே அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்தத்துக்கு 117ன்னும் போட்டா நல்லது. ராசிபலன வெட்டவேணாம், எங்க வீட்டுல அதத்தான் முதல்ல பாக்குறாங்க, பக்கத்துல இருந்தா இதையும் பாப்பாங்க.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்