கதையைக் கடைசியில் சொல்

மயிலாப்பூர்
ஞாயிறு காலை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுதத் தாமதமானதற்கு ஐப்பசி மழைதான் சாக்கு. இங்கே காற்றில் ஈரம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை. பாளையங்கோட்டையிலும் மழைதான் என்று கேள்வி. லென்ஸைத் தோல் உறையில் வைத்திருந்தால் இன்றே வெளியே எடுத்துவிடு. தோலும் வெல்வெட்டும் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூஞ்சைக்கு ஊட்டும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஐந்நூறு ரூபாய் ஈரமானி ஒன்று, இவ்வளவு போதும். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் நிற்கட்டும். அரிசிப் பானையில் போடாதே, தூசிதான் உள்ளே போகும்.

விஷயத்துக்கு வருகிறேன். நூலகத்து ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்ட உலகப் புகழ் பெற்ற பத்துப் படங்களையும் அவற்றின் கதைகளையும் கேட்டிருக்கிறாய். படங்கள் தருகிறேன். கதைகளைப் பற்றித்தான் உன்னோடு சண்டை. கதையை முதலில் சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் படத்தைப் பார்க்கமாட்டார்கள், கேட்ட கதையைச் சரிபார்ப்பார்கள். எடுத்தவர் எங்கே நின்றார், வெளிச்சம் எந்தப் பக்கம், கையிலிருந்த கேமராவால் எது முடியாது என்று முதலில் கேள். கதை கடைசியில் வரட்டும்.

நம்மூரிலிருந்தே தொடங்கலாம். ஆங்கிலேயப் படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் எடுத்த படங்கள். மெழுகு தடவிய காகிதம்தான் நெகட்டிவ், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12-க்கு 15 அங்குலம். விமானத்தின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை ஒட்டிக் கேமராவை நகர்த்திக்கொண்டே போய், 21 படங்களை ஒட்டிச் சேர்த்துப் பத்தொன்பது அடி நீளத்தில் ஒரே படமாக்கினார். இன்று போனில் பனோரமா எடுக்கிறவன் நின்ற இடத்திலேயே திரும்புகிறான். நீண்ட சுவரை அப்படி எடுத்தால் நடு பெருத்து ஓரங்கள் சுருங்கும், எழுத்து வாசிக்க வராது. டிரைப் சுவருக்கு இணையாக, ஒரே தூரத்தில், ஒரே உயரத்தில் நகர்ந்தாக வேண்டியிருந்தது. தெருமுனை மதில் ஒன்றில் பிள்ளைகளை இப்படி எட்டுப் படம் எடுத்து ஒட்டச் சொல். மூன்றாவது படத்திலேயே கோடு ஏறி இறங்கும், டிரைப்பின் மேல் மரியாதை தானாக வந்துவிடும்.

அந்தக் காலத்து வானம் ஏன் வெறும் வெள்ளையாக இருக்கிறது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அப்போதைய ரசாயனத்துக்கு நீலம் மட்டும்தான் நன்றாகத் தெரியும். பச்சையும் சிவப்பும் அநேகமாகத் தெரியாது. அதனால் நீல வானம் வெளுத்துப் போகும், தோப்பு கருத்துப் போகும். டிரைப் சில நெகட்டிவ்களின் பின்புறத்தில் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். திருத்தல் வேலை ஃபோட்டோஷாப்போடு பிறந்தது என்று நினைப்பவர்களுக்கு இது ஒன்றே போதும். இதை விளக்க ஒரு வழி இருக்கிறது: போனில் எடுத்த கலர் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கும்போது சிவப்பையும் பச்சையையும் பூஜ்யத்துக்கு இறக்கி, நீலத்தை மட்டும் வைக்கச் சொல். 1858 கண்முன்னே வரும்.

தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1876 முதல் 1878 வரை, சென்னை ராஜதானியில் டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் எடுத்த படங்களைச் சேர்க்கலாமா என்று கேட்டாய். பத்தாம் வகுப்புக்கு மேல் என்றால் சேர். எலும்பும் தோலுமானவர்கள் குழுவாகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், நின்றிருப்பார்கள். அப்போது வழக்கிலிருந்த ஈரத் தட்டு முறையில் கண்ணாடியில் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, காய்வதற்குள் எடுத்துக் கழுவ வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடம்தான் கணக்கு, நம் வெயிலில் அதுவும் கிடையாது. பக்கத்திலேயே இருட்டுக் கூடாரம் வேண்டும். தட்டு தயாராகும்வரை அந்த மனிதர்கள் அங்கே காத்திருக்கத்தான் வேண்டும். ஓடிப்போய்ச் சட்டென்று எடுத்த படங்கள் அல்ல, அடுக்கிவைத்து எடுத்தவை. கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்தவர் அந்த நேரத்தில் வேறென்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி முறையிலிருந்தே எழுந்துவிடும், நீ பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்தது டோரதியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிப்போமோவில் எடுத்த, ‘புலம்பெயர்ந்த தாய்’ என்று நாம் சொல்லும் படம். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் பெரிய கோப்பாகவே இலவசமாகக் கிடைக்கிறது, பிரிண்ட் போட இதுதான் வசதி. அந்தத் தாயை எடுத்த மற்ற படங்களும் அங்கேயே இருக்கின்றன. எல்லாவற்றையும் மேசையில் பரப்பு. தூரத்தில் கூடாரம் முழுவதும் தெரியும் படத்திலிருந்து கிட்டே கிட்டே வந்து, கடைசியில் முகமும் இரண்டு குழந்தைகளின் பிடரியும் கைக்குழந்தையும் மட்டும். குழந்தைகள் முகம் திருப்பியிருப்பதுதான் அந்தப் படத்தின் உயிர். அவர்கள் கேமராவைப் பார்த்திருந்தால் நம் கண் மூன்று முகங்களுக்கிடையே அலைந்திருக்கும். கீழே வலது மூலையில், கூடாரக் கம்பைப் பிடித்த ஒரு கட்டைவிரல் இருந்தது. பிறகு லாங்கே அதை நெகட்டிவிலேயே அழிக்கச் செய்தார், மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அது பிடிக்கவில்லை. விரல் இருப்பது ஒன்று, அழித்தது ஒன்று என இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. என்னைக் கேட்டால் விரல் இருந்திருக்கலாம். அழித்த இடத்தில் ஒரு மங்கல் நிழல் தங்கிவிட்டது, தெரிந்தபின் கண் அங்கேயேதான் போகிறது.

பெய்ஜிங்கில் டாங்கி வரிசையை ஒற்றை ஆள் மறித்து நிற்கும் டியானன்மென் படத்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கு. 1989 ஜூன் 5, ஜெஃப் வைடனர், பெய்ஜிங் ஹோட்டல் ஆறாவது மாடி பால்கனி. 400 மில்லிமீட்டர் லென்ஸோடு அதை இரண்டு மடங்காக்கும் கன்வெர்ட்டர், ஆக 800. கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்கும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி), லென்ஸின் துளை அளவு எஃப் 5.6 எஃப் 11 ஆகிவிடும். போதாக்குறைக்கு, வழக்கமான 800 ஏஎஸ்ஏ ஃபிலிம் தீர்ந்து, கடன் வாங்கிய 100 ஏஎஸ்ஏ உள்ளே இருந்தது; இந்த எண் குறைந்தால் ஃபிலிமுக்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும். அது அவர் நினைவில் இல்லை. மூன்று ஸ்டாப் வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு. வினாடியில் ஐந்நூறில் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைக்க வேண்டிய இடத்தில் அறுபதில் ஒரு பங்குதான். 800 மில்லிமீட்டரைக் கையில் பிடித்தால் எண்ணூறில் ஒரு பங்காவது வேண்டும் என்பது நம் பாலபாடம். எடுத்த மூன்றில் ஒன்றுதான் தேறியது. அந்தப் படம் கத்திமுனைக் கூர்மையோடு இருக்காது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், காரணத்தை அப்புறம் சொல். நீள லென்ஸ் தூரங்களை நெருக்கிக் காட்டுவதால்தான் டாங்கிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதுபோல் வரிசையாகத் தெரிகின்றன. அதே ஆளை 50 மில்லிமீட்டரில் எடுத்திருந்தால் அகலமான சாலையில் ஒரு புள்ளிதான் மிஞ்சியிருக்கும்.

போபால் விஷவாயு விபத்துக்கு, புதைக்கப்படும் குழந்தையின் படம். அதே குழந்தையை 1984 டிசம்பரில் ரகு ராய் கறுப்பு வெள்ளையிலும் பாப்லோ பார்த்தலோமியோ கலரிலும் எடுத்தார்கள். கலர் படம் உலகப் பத்திரிகைப் படப் போட்டியில் அந்த ஆண்டின் சிறந்த படமானது. கறுப்பு வெள்ளையில் மண்ணும் தோலும் ஒரே சாம்பலுக்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் முகம் மண்ணிலிருந்தே முளைத்ததுபோல் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. சிறுவர்கள் இருக்கும் வகுப்பில் இதை எடுக்காதே.

கடலூர் படம் கட்டாயம் வேண்டும். 2004 டிசம்பர் 28, சுனாமிக்குப் பிறகு, ராய்ட்டர்ஸுக்காக அர்கோ தத்தா எடுத்தது. இதுவும் அந்த ஆண்டின் சிறந்த உலகப் பத்திரிகைப் படம். மணலில் கவிழ்ந்து அழும் பெண், விரிந்த உள்ளங்கைகள், ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும். கறுப்புச் சார்ட் அட்டையில் ஒன்றரை அங்குல அகலத்தில், ‘ட’ எழுத்து வடிவில் இரண்டு துண்டு வெட்டிக்கொள். இரண்டையும் எதிரெதிராக வைத்து நகர்த்தினால் வேண்டிய அளவில் சட்டம் கிடைக்கும். அதை வைத்து அந்த ஓரத்துக் கையை மறைத்துக் காட்டு. மிஞ்சுவது அழுகை மட்டும், எதற்கு என்று படம் சொல்லாது. அட்டையை விலக்கு.

நிலவின் தரைக்கு மேலே பூமி எழுவதைக் காட்டும் ‘பூமி உதயம்’ சுலபம். 1968 டிசம்பர் 24, விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ், ஹாஸல்பிளாட் கேமரா, 250 மில்லிமீட்டர் லென்ஸ். அவர் எடுத்தபோது நிலவின் தரை வலப்பக்கம் சுவர்போல் செங்குத்தாக நின்றது. நாம் பார்ப்பது திருப்பிவைத்தது. பிரிண்டைத் திருப்பிப் பார்த்துக் கொள்ளட்டும்.

மிச்ச மூன்றை நீயே தேர்ந்துகொள், சிபாரிசு வேண்டாம்.

லேபில் கவனிக்க வேண்டியவை: லாங்கேயின் நெகட்டிவ் 4-க்கு 5 அங்குலம், அதனால் 8-க்கு 10 சரியாகப் பொருந்தும். 35 மில்லிமீட்டர் படங்களுக்கும் கடலூர் படத்துக்கும் 8-க்கு 12 கேள். பழக்கத்தில் 8-க்கு 10 போட்டுவிட்டால் இரண்டு அங்குலம் வெட்டுப்படும், அந்த ஓரத்துக் கை போயே போய்விடும். மெஷினில் ஆட்டோ கரெக்ஷனை அணைக்கச் சொல், இல்லாவிட்டால் கறுத்த வானத்தையெல்லாம் சாம்பலாக்கிவிடும். கலர் தாளில் கறுப்பு வெள்ளை போட்டால் பச்சையோ ஊதாவோ தட்டும், ஒரு சின்னத் துண்டு சோதனை பார்த்த பிறகு மொத்தத்தையும் போடச் சொல். நூலகத்தில் ட்யூப்லைட் என்பதால் பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் போதும்.

லாங்கேயின் இரண்டையும் பூமியையும் இங்கேயே போட்டு அட்டைக் குழலில் அனுப்புகிறேன். வந்ததும் பிரித்து, படம் உள்ள பக்கம் கீழே பார்க்க வெள்ளைத் தாளின் மேல் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி இரண்டு நாள் விட்டுவிடு. செய்தித்தாளை அடியில் போட்டுவிடாதே, மை ஒட்டிக்கொள்ளும். மீனாட்சிக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
ரங்கன்