இரண்டு குதிகாலும் தரையில் பதியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எனக்கு வயது 68. பாலக்கோட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை தருமபுரிக்கு வண்டியில்தான் போய் வருகிறேன். முப்பது வருடம் புல்லட். போன ஐப்பசியில் தக்காளி மண்டி வாசலில் ஸ்டாண்டு வழுக்கிச் சாய்ந்த வண்டியை என்னால் தூக்க முடியவில்லை. டீக்கடைப் பையன்தான் ஓடிவந்து நிமிர்த்தினான். வீட்டில் இதைச் சொல்லவில்லை.

புது வண்டி பார்க்கப் போனால் விற்பனைத் தம்பி மைலேஜ், புளூடூத் என்றே அளக்கிறார். நான் கேட்பது, உட்கார்ந்தால் இரண்டு குதிகாலும் தரையில் பதியுமா? முதுகு நிமிர்ந்திருக்குமா? புல்லட் கம்பெனியின் கிளாசிக் 350 எடை 195 கிலோ, ஹீரோ கம்பெனியின் ஸ்பிளெண்டர் பிளஸ் 112. ஒரு ஆள் எடை மிச்சம்! ஸ்பிளெண்டரில் இருக்கை உயரமும் 785 மில்லிமீட்டர்தான். என் குட்டைக் காலுக்குப் போதும். பழைய புல்லட்டில் கியர் வலது காலில் இருந்தது, புது வண்டியில் இடது காலில்; அந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

"ஓட்டிப் பார்க்கட்டுமா?" என்றேன். "பையனைக் கூட்டிட்டு வாங்க பெரியவரே" என்றார். பையன் பெங்களூரில் காரில் போகிறான், வண்டி எனக்குத்தானே?

வண்டி விற்பவர்களே, விலையை எழுதும் அட்டையிலேயே எடையையும் இருக்கை உயரத்தையும் பெரிய எழுத்தில் போடுங்கள். கண்ணாடி போடாமல் படிக்கிற அளவுக்கு.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாலக்கோடு