நாட்டு வெள்ளரிப்பழ விதை என்று வாங்கினேன், காய்த்தது கிர்ணி

அனுப்புநர்:
மாடித்தோட்ட வாடிக்கையாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: பெயர் மாற்றி விற்கப்பட்ட விதை குறித்து.

ஐயா,

வணக்கம். ஜனவரி முதல் வாரத்தில் உங்களிடம் 'நாட்டு வெள்ளரிப்பழம், பாரம்பரிய விதை' என்று அச்சிட்ட பாக்கெட் இரண்டு வாங்கினேன். ஒன்று 90 ரூபாய். பொங்கல் முடிந்த கையோடு ஊன்றினேன். முளைப்பில் குறை சொல்ல மாட்டேன், 12 விதையில் 10 வந்தது.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும். அதனால் தெரு அடிபம்பில் மெட்ரோ வாட்டர் அடித்து, தினமும் நாலு குடம் இரண்டு மாடி ஏற்றினேன். பூசணி வண்டைக் கையாலேயே பொறுக்கினேன். மாடிக்குத் தேனீ அதிகம் வராது என்பதால், விடிந்ததும் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சோடு நிற்கும் பெண் பூவில் நானே தொட்டு வைத்தேன். எல்லாம் என் அம்மாவுக்காக. அவர் பிறந்தது விழுப்புரம் பக்கம். பழுத்து வெடித்த வெள்ளரிப்பழத்தைப் பனை ஓலையில் கட்டி விற்பார்களே, மாவு மாவான அந்தச் சதையில் நாட்டுச் சர்க்கரை தூவிச் சாப்பிட வேண்டும் என்று இரண்டு கோடையாகக் கேட்கிறார்.

ஏப்ரலில் காய்த்தது வேறு. உருண்டை வடிவம், தோல் முழுக்க வலை, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கெட்டிச் சதை. தள்ளுவண்டியில் வாங்கும் அதே கிர்ணிப்பழம். ஒன்றுகூட வெடிக்கவில்லை. அம்மா ஒரு துண்டு வாயில் வைத்துவிட்டு, "இது நம்ம பழம் இல்லடி" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

போன் செய்தபோது உங்கள் ஊழியர், "பக்கத்து வீட்டுச் செடியோட மகரந்தம் கலந்திருக்கும்" என்றார். இதை நான் ஏற்க மாட்டேன். வேற்று மகரந்தம் பட்டால் மாறுவது பழத்துக்குள் இருக்கும் விதை. அந்த விதையை ஊன்றி வரும் செடியில்தான் வித்தியாசம் தெரியும். இப்போது காய்த்த பழத்தின் தோலும் சதையும் தாய்ச்செடியின் குணம். பத்துச் செடியும் ஒன்றுபோல் கிர்ணி காய்த்திருக்கிறது என்றால் பாக்கெட்டில் இருந்ததே கிர்ணி விதைதான். லாட் எண்ணோ பரிசோதனைத் தேதியோ அதில் இல்லை.

நாட்டு விதைக்குக் கூடுதல் விலை கொடுப்பது, விதை எடுத்து வைத்து அடுத்த வருடமும் அதே பழத்தைப் பார்க்கலாம் என்றுதான். எங்கள் தெருவில் மூன்று வீட்டுக்கு விதை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். காய்த்தது ஹைப்ரிட் கிர்ணி என்றால், அதன் விதை இதே பழத்தைக்கூடத் திரும்பத் தராது.

180 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். இந்த விதையை எங்கே கொள்முதல் செய்தீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். இதே பாக்கெட்டை வாங்கிய மற்றவர்களுக்கும் ஆடிப்பட்டத்துக்கு முன் தகவல் சொல்லுங்கள், அவர்களும் தண்ணீர் சுமந்து ஏமாறக் கூடாது. தை மாதத்துக்குள் உண்மையான வெள்ளரிப்பழ விதை கிடைத்தால் அனுப்புங்கள்.

15 நாளில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே ஆணையத்தில் மனு கொடுப்பேன். பில், காலி பாக்கெட், பழங்களின் போட்டோக்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டை வாடிக்கையாளர்