கோமாளி இயந்திரங்களுக்காக ஒரு வேண்டுகோள்: படிப்பக நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

வியாசர்பாடியில் இயங்கிவரும் நம் படிப்பகத்தின் நிர்வாகக் குழுவினருக்கு, வணக்கம்.

அறிவிப்புப் பலகையில் நீங்கள் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கையைப் படித்தேன். கணினி அறையில் சனிக்கிழமைப் பிற்பகல்களில் பிள்ளைகள் விளையாடிவரும் டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்ற விளையாட்டை இனி ஒரு நிபந்தனையின் பேரில்தான் அனுமதிக்க முடியும் என்றும், அணை, காற்றாலை, கழிவுநீர் வெளியேற்றம் போன்ற ‘பயனுள்ள மாதிரி’களை அதில் கட்டினால் தொடரலாம் என்றும், ‘கோமாளித்தனமான இயந்திரங்களை’க் கட்டினால் இரண்டு கணினிகளிலிருந்தும் அது நீக்கப்படும் என்றும் அதில் கண்டிருக்கிறது. முழுத்தடை விதிக்காததற்கு நன்றி. ஆனால் அந்த நிபந்தனையை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். பிள்ளைகளின் பெற்றோரும் படிக்கட்டும் என்றுதான் திறந்த மடலாக எழுதுகிறேன்.

விளையாட்டைப் பார்க்காமலே கையெழுத்திட்டிருக்கக்கூடிய உறுப்பினர்களுக்காக அதைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அமெரிக்கச் சகோதரர்கள் 2002-ல் தொடங்கி இன்றுவரை வளர்த்துவரும் விளையாட்டு இது. நிரலை எழுதும் டார்ன், ஸ்டான்ஃபோர்டில் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2006-ல் இலவசமாக வெளியான இதன் படங்களோடு கூடிய விலைப் பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. நம் பழைய கணினிகளில் ஓடுவது இலவசப் பதிப்பு. அதில் மலை, மரம், ஆறு, ஆள் எல்லாமே எழுத்துகளும் குறிகளும்தான். (குழு உறுப்பினர் ஒருவர் அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் டைப்பிங் பழகுகிறார்கள் என்று மகிழ்ந்து போனதாகக் கேள்வி.) நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012-ல் முதன்முறையாகத் தன் சேகரிப்பில் சேர்த்த 14 வீடியோ கேம்களில் இதுவும் ஒன்று.

ஏழு குள்ளர்கள் ஒரு வண்டியோடு வந்து இறங்கி, மலையைக் குடைந்து ஒரு கோட்டையை உண்டாக்க வேண்டும் என்பதுதான் ஆட்டம். வெற்றி என்று அதில் எதுவும் கிடையாது. கோட்டை ஒருநாள் ஏதாவது ஒரு காரணத்தால் அழியும். அதற்குள் என்ன கட்டினோம் என்பதே கணக்கு. கட்டுவதற்குக் கொடுத்திருக்கும் சாமான்களோ மிகச் சில: நீர்ச்சக்கரம், காற்றாடி, திருகு பம்ப், ஷாஃப்ட், கியர், மதகு, கதவு, தூக்குப்பாலம், லிவர், யாராவது மிதித்தாலோ தண்ணீர் ஏறினாலோ வேலை செய்யும் மிதிதகடு. ஒவ்வொன்றுக்கும் உறுதியான கணக்கு உண்டு. நீர்ச்சக்கரம் 100 அலகு சக்தி தரும். திருகு பம்ப் 10 எடுக்கும். கியர் ஒன்றுக்கு 5. ஷாஃப்ட் ஒரு கட்டத்துக்கு 1. தண்ணீரின் ஆழம் ஏழு படிகளாகக் கணக்கிடப்படும். நான்காம் படி வரை ஏறிவிட்டால் குள்ளர்கள் அதில் இறங்க மாட்டார்கள்.

இனி, சுற்றறிக்கைக்குக் காரணமாக இருந்த அந்த ‘பூனைக் கதவு’க்கு வருகிறேன்.

பிள்ளைகள் ஓர் அறையில் பூனையை விட்டார்கள். கதவைக் கையாலேயே திறக்கலாம்; ஆனால் அதில் என்ன சுவாரசியம் இருக்கிறது என்று கேட்டு அவர்கள் தீட்டிய திட்டம் இப்படிப் போனது. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு குள்ளன் லிவரை இழுப்பான். லிவர் மாடியில் இருக்கும் கியரைச் சேர்க்கும். கியர் சேர்ந்ததும் ஆற்றிலுள்ள நீர்ச்சக்கரத்தின் சக்தி ஷாஃப்ட் வழியே திருகு பம்புக்குப் போகும். பம்ப் ஆற்றுநீரை ஏற்றி ஒரு தொட்டியில் விடும். தொட்டியின் அடியில் உள்ள மிதிதகடு, தண்ணீர் நான்காம் படிக்கு ஏறியதும் பூனை அறையின் கதவைத் திறக்கும். இவ்வளவும் நடந்து முடிவதற்குள் லிவரை இழுத்த குள்ளன் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போயிருப்பான். பூனையும் தூங்கிவிட்டிருக்கும்.

முதல் ஓட்டத்தில் கதவு திறந்தது, அறையே கைதட்டியது. பிறகுதான் தெரிந்தது, தொட்டி நிரம்பினால் உபரிநீர் போக வழி வைக்கவில்லை என்பது. தண்ணீர் வழிந்து, படிக்கட்டில் இறங்கி, சாப்பாட்டுக் கூடத்தில் நிறைந்தது. பம்பை நிறுத்தும் லிவர் அதே கூடத்தில் தண்ணீருக்கடியில் இருந்தது. “தாத்தா, லிவரு தண்ணிக்குள்ள மாட்டிக்கிச்சு, ஒருத்தனும் கிட்ட போவ மாட்றான்!” என்று ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் கூடவே இருந்த என்னிடம் கத்தினாள். அந்தக் கூச்சல்தான் வாசிப்பு அறை வரை கேட்டு, உங்கள் காதுக்கும் வந்திருக்கிறது. தொந்தரவுக்கு அவர்கள் சார்பில் வருந்துகிறேன்.

ஆனால் அடுத்து நடந்ததை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். யாரும் கணினியை அணைக்கவில்லை. ஐந்தாறு பேர் திரைமுன் குனிந்து நின்று, எந்தப் பொருளை இன்னும் எட்ட முடியும் என்று தேடினார்கள். மாடியில் இருந்த கியர் நனையவில்லை. அதனருகே இன்னொரு லிவரை வைத்து, பட்டறையில் கல்லில் இரண்டு மெக்கானிசம் செய்யச் சொல்லி, ஒன்றை லிவரிலும் ஒன்றைக் கியரிலும் பொருத்திப் பம்பை நிறுத்தினார்கள். நான் மணலியில் ஒரு தொழிற்சாலையின் பம்ப் ஹவுஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். நிறுத்தும் சுவிட்சையும் மின் பேனலையும் வெள்ளம் எட்டக்கூடிய உயரத்துக்கு மேலேதான் வைக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதலில் சொல்லிக்கொடுக்கும் பாடம். மழை பெய்தால் வெள்ளம் தேங்குவதற்குப் பேர்போன கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்வரும் இந்தப் பிள்ளைகளிடம் அதை நான் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டு மறந்திருப்பார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் லிவரே வேண்டாம் என்று முடிவெடுத்து, தொட்டியின் மிதிதகட்டையே கியரோடும் இணைத்தார்கள். தண்ணீர் ஏறினால் பம்ப் நிற்கும். சிறிய மதகு வழியாகத் தண்ணீர் வடிந்ததும் மறுபடி ஓடும். மேல்நிலைத் தொட்டியில் நாம் போடும் ஃப்ளோட் சுவிட்ச் செய்வதும் இதைத்தான். ஆனால் நிற்கும் மட்டமும் ஓடும் மட்டமும் மிக நெருக்கமாக இருந்ததால், பம்ப் ஓய்வில்லாமல் நின்று நின்று ஓடியது. அதோடு பூனைக் கதவும் படபடவென்று அடித்துக்கொண்டது. நிஜ மோட்டார் இப்படி விட்டுவிட்டு ஓடினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடேறிப் போய்விடும் என்று நான் சொன்னதும், ஒரு பையன் அதைத் திருத்தாமல் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டான். சீரான இடைவெளியில் திறந்து மூடும் கதவு என்றால் அது கடிகாரம்தானே என்றான்! உலகெங்கும் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் இப்படிப்பட்ட கடிகாரங்களையும், இரண்டு கியர்களை வரிசையாக வைத்தால் ‘இரண்டும் சேர்ந்தால் மட்டும்’ என்றும், பக்கவாட்டில் வைத்தால் ‘ஏதாவது ஒன்று போதும்’ என்றும் ஆகும் லாஜிக் கேட்டுகளையும் கோத்து, கோட்டைக்குள்ளேயே கூட்டல் போடும் கணிப்பொறிகளைக் கட்டியிருக்கிறார்கள். பதினோராம் வகுப்புக் கணினிப் புத்தகத்தில் படமாக இருப்பதை இவர்கள் தண்ணீராலும் கல்லாலும் செய்துவிடுகிறார்கள்.

‘இதையே பயனுள்ள ஒன்றுக்காகச் செய்யட்டுமே’ என்பதுதான் உங்கள் வாதமாக இருக்கும். அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அணை கட்டு என்று சொன்னால், அணை எப்படி இருக்க வேண்டும் என்ற விடை பிள்ளைகளுக்கு முன்பே தெரியும். தெரியாதவர்கள் பக்கத்துக் கணினியைப் பார்த்து வரைந்துவிடுவார்கள். நல்ல இயந்திரம் என்பது மிகக் குறைந்த பாகங்களோடு வேலையை முடிப்பது. ஆகவே அதில் கற்றுக்கொள்ளச் சில இணைப்புகளே இருக்கும். கோமாளி இயந்திரமோ வேண்டுமென்றே சுற்றிவளைத்துப் போவது. பத்து இணைப்புகளில் ஒன்று தவறினாலும் பூனை வெளியே வராது என்பதால், பத்தையும் ஒவ்வொன்றாகச் சோதித்தாக வேண்டியிருக்கிறது. மதகும் பாலமும் ஆணை வந்தபின் விளையாட்டின் நேரக் கணக்கில் 100 படி தாமதித்துத்தான் அசையும், கதவு உடனே அசையும் என்ற வேறுபாட்டை எந்தப் பாடமும் இல்லாமல் அவர்கள் கண்டுபிடித்தது அப்படித்தான். அதைவிட முக்கியமானது, பூனைக் கதவு தோற்றுப்போனால் யாருக்கும் மதிப்பெண் குறையாது. பள்ளியில் வாயே திறக்காத இரண்டு பிள்ளைகள் இங்கே ஷாஃப்டின் நீளத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்.

சாதாரண வேலைக்கு அபத்தமான இயந்திரங்களை வரைந்து பெயர் பெற்ற அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர் ரூப் கோல்ட்பர்க், முதலில் பெர்க்லியில் பொறியியல் படித்து, சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீர், கழிவுநீர்த் துறையில் வேலை பார்த்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். குழாயும் வால்வும் தெரிந்தவர்தான் அந்தச் சிரிப்பை வரைந்தார்.

குழுவில் உள்ள ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் எழுப்பிய ஆட்சேபம் மட்டும் வலுவானது; அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இந்த விளையாட்டில் நீர்ச்சக்கரமும் பம்பும் ஒன்றையொன்று சுற்றவைத்துக்கொள்ள முடியும். பம்ப் 10 எடுக்கிறது, சக்கரத்தைத் திருப்ப 10 போகிறது, சக்கரம் தருவதோ 100. ஒரு குள்ளன் தொடக்கத்தில் கையால் பம்படித்துவிட்டால் போதும், 80 அலகு சக்தி சும்மாவே கிடைத்துக்கொண்டிருக்கும். ஆற்றல் அழிவின்மை விதிக்கு இது நேர் எதிர் என்பது உண்மை. ஆனால் அதைப் பார்த்த உடனே, “இன்னா தாத்தா இது, தண்ணிய ஏத்துறதும் இந்தச் சக்கரம், சக்கரத்தைச் சுத்துறதும் அந்தத் தண்ணியா? டுபாக்கூர் வேலையா இருக்கே!” என்று கேட்டவன் எட்டாம் வகுப்புப் பையன். நிஜத்தில் ஏன் நடக்காது என்று அன்று மாலை முழுக்கப் பேசினோம். வரும் சனிக்கிழமைகளில் ஒன்றில் ஆசிரியர் ஐயா வந்து அதையே பாடமாக நடத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

பூதங்கள் மூழ்குகின்றன, எரிமலைக் குழம்பு ஊற்றப்படுகிறது என்ற கவலையும் சொல்லப்பட்டது. உண்டுதான்; மறைக்கவில்லை. எழுத்துக்குறிகளாகத் தெரியும் பூதங்கள் மூழ்குவதைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேண்டுமானால் பன்னிரண்டு வயதுக்குக் கீழானவர்களை விலக்கிவைக்கலாம். தூக்குப்பாலத்தை இறக்கினால் அதன் கீழே கிடக்கும் பொருள்கள் சுவடில்லாமல் மறைந்துவிடும் என்ற விதியைத் தெரிந்துகொண்டதும் இவர்கள் முதலில் செய்தது, கோட்டையின் குப்பையையெல்லாம் அதன் கீழே குவித்ததுதான். கொடுங்கையூர் குப்பைக் கிடங்குக்கு இப்படி ஒரு பாலம் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை. மாமன்ற உறுப்பினரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

எனவே, ‘பயனுள்ள மாதிரி’ என்ற நிபந்தனையை நீக்கி, சனிக்கிழமை இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை இந்த விளையாட்டைத் தொடர அனுமதிக்க வேண்டுகிறேன். சத்தத்தைக் குறைக்க, கணினி அறைக் கதவைச் சாத்தி வைக்கவும் கூடவே உட்கார்ந்திருக்கவும் நான் பொறுப்பேற்கிறேன். இதைப் போட்டியாக்கிக் கோப்பை வழங்கலாம் என்று ஒரு யோசனை இருப்பதாகவும் அறிகிறேன். அன்புகூர்ந்து அதைக் கைவிடுங்கள். இரண்டாவது கணினியின் யூ.பி.எஸ். பேட்டரி ஐந்து நிமிடம்கூடத் தாங்குவதில்லை. மின்சாரம் போகும்போதெல்லாம் கோட்டை பழைய நிலைக்குப் போய்விடுகிறது. புதிய பேட்டரியை என் செலவில் வாங்கித் தருகிறேன். உங்கள் அடுத்த கூட்டம் வரையிலாவது அந்தக் கணினியில் உள்ள சேமிப்புக் கோப்புகளை யாரும் அழிக்காமல் இருக்க உத்தரவிடுங்கள். பூனை இன்னும் உள்ளேதான் இருக்கிறது.

இப்படிக்கு,
படிப்பகத்தின் ஆயுள் உறுப்பினர்,
ஓய்வுபெற்ற பம்ப் ஹவுஸ் ஃபிட்டர்,
வியாசர்பாடி, சென்னை