மடமும் வீடும்

அன்புள்ள வசந்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகள் தனியே ஆறு கிழமை ஐரோப்பாவைச் சுற்றப் போகிறாள், அதுவும் முன்பின் தெரியாதவர் வீடுகளில் காசு கொடுக்காமல் தங்கப் போகிறாள் என்று எழுதியிருக்கிறாய். இரவில் நித்திரை வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். வராதுதான்.

உனக்குச் சொன்னேனோ தெரியாது, போன வருஷத்திலிருந்து நானும் அப்படி இடம் கொடுக்கிறேன். சைக்கிளில் ஊர் ஊராகப் போகிறவர்களுக்கென்றே வார்ம் ஷவர்ஸ் என்று ஒரு இணையத்தளம் இருக்கிறது. வழியில் உள்ளவர்கள் குளிக்கத் தண்ணீரும் படுக்க இடமும் கொடுப்பார்கள், காசு வாங்குவதில்லை. மாசி மாதம் ஒரு டச்சுத் தம்பதி ஏ9 வீதியால் மிதித்து, முகமெல்லாம் சிவந்து வந்து சேர்ந்தார்கள். கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் வார்த்த பிறகுதான் அவர்களுக்குப் பேச்சே வந்தது. பின்னேரம் அந்தப் பெண் என்னோடு குசினியில் இருந்து வெங்காயம் உரித்தாள். இடியப்பம் பிழிய ஆசைப்பட்டாள், மா இறங்கவே இல்லை. தன் தாயும் இப்படித்தான் வெங்காயத்தோடு அழுவாள் என்றாள். இரண்டு இரவு நின்று அவர்கள் போனபோது வீடு வெறிச்சென்று போய்விட்டது.

இன்னொருவரும் வந்தார். இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டினார், வைஃபை கடவுச்சொல்லைக் கேட்டார், விடிய எழும்பிப் போய்விட்டார். சோறு மூடினபடியே கிடந்தது. கெட்டவர் இல்லை, ஆனால் எனக்கு மனம் நொந்துவிட்டது.

அன்று முழுக்கப் பருத்தித்துறைத் தெருமூடி மடம்தான் ஞாபகத்தில் நின்றது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழைக்கு அங்கே ஒதுங்குவோமே! வீதிக்கு மேலேயே கூரை, இரண்டு பக்கமும் திண்ணை. வழிப்போக்கர் படுத்துவிட்டு எழும்பிப் போகலாம், யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. செல்வச்சந்நிதி முருகன் கோயில் மடங்களில் இன்றைக்கும் ஊர் பேர் கேட்காமல்தான் சோறு போடுகிறார்கள். ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரைப் பாதையிலும் இப்படி மடங்கள் உண்டு. கட்டணம் கிடையாது, விரும்பியதை உண்டியலில் போடலாம். யாத்திரை அட்டை வைத்திருக்கிறவர்களுக்குத்தான் அந்த இடம், அதுவும் பெரும்பாலும் ஒரு இரவுக்கு. வீடு அப்படியில்லை, வசந்தி. வீட்டில் ஒருத்தி வழி பார்த்துக்கொண்டு இருப்பாள்.

ஆகவே மகளுக்கு இதைச் சொல். களைத்துப்போய், படுத்தால் போதும் என்ற நாட்களில் காசு கொடுத்து ஹொஸ்டலில் தங்கட்டும். பெண்களுக்கு மட்டுமான அறை உள்ள ஹொஸ்டல்கள் பெரிய நகரங்களில் நிறைய உண்டு. இருந்து கதைக்க நேரமுள்ள நாட்களில் வீடுகளுக்குப் போகட்டும்.

எந்த அமைப்பு மூலம் வீடு தேடுவது என்றும் கேட்டிருந்தாய். எனக்குப் பிடித்தது சேர்வாஸ். 1949இல், இரண்டாம் உலக யுத்தம் முடிந்து நாலு வருஷத்தில், சனங்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் தங்கிப் பழகினால் பகை குறையும் என்று தொடங்கினார்கள். பயணம் போகிறவரோடு முதலில் கதைத்துப் பார்த்துத்தான் அறிமுகக் கடிதம் கொடுப்பார்கள். வழக்கமாக இரண்டு இரவு தங்கலாம். மகள் சொல்லும் கவுச்சர்ஃபிங் இணையத்தளம் 2004இல் இலவசமாகத் தொடங்கியது, 2020 முதல் பல நாடுகளில் சந்தா கேட்கிறது. அதே மாதிரியான பீவெல்கம் தொண்டர்கள் நடத்துவது, அது இலவசம். தோட்டத்தில் பாதி நாள் வேலை செய்து சாப்பாடும் படுக்கையும் பெறும் வூஃப் என்பதும் இருக்கிறது. ஆனால் சில நாடுகள் அதையும் வேலை என்றே கணக்கில் எடுக்கும், விசாவை முதலில் பார்க்கட்டும்.

உன் பயத்துக்கு வருகிறேன். தங்கப் போகும் வீட்டில் முன்பு தனியே தங்கிய பெண்கள் இணையத்தளத்தில் எழுதிய குறிப்புகளை அவள் ஒன்றுவிடாமல் வாசிக்க வேண்டும். ஒரு பெண்ணும் எழுதாத வீடு வேண்டாம். விலாசம் உன்னிடம் இருக்க வேண்டும். வாசலில் நிற்கும்போதே மனதுக்குப் பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. அதற்காக ஒரு இரவு ஹொஸ்டல் காசு எப்போதும் தொடாமல் கையில் இருக்கட்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே. கையில் காசில்லாததால் ஒரு வீட்டில் நிற்க வேண்டி வரக்கூடாது.

அப்புறம், நீ வருவதாகச் சொன்ன கதை என்ன ஆயிற்று? நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணத்தில் அறை எடுக்க நினைக்காதே, விலை ஏறிவிடும். மேற்கு அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறேன். வெங்காயம் நீதான் உரிக்க வேண்டும்.

அன்புடன்,
மாலதி