ஸ்டெப்னி யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கேரவன் பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வண்டிக்குள் படுக்கை எப்படி இருக்க வேண்டும், அடுப்பை எங்கே வைக்க வேண்டும், தண்ணீர் எவ்வளவு பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதையெல்லாம் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருக்கிறார். ஆனால் கடைசிப் பத்தியில் ஸ்டெப்னியைப் பற்றி, அதாவது மாற்றுச் சக்கரத்தைப் பற்றி, ஒரு வரி: "உங்களால் எப்படியும் கழற்றி மாட்ட முடியாத ஸ்டெப்னியை எதற்காக ஊர் ஊராகச் சுமக்கிறீர்கள்? அதை இறக்கி வைத்துவிட்டு, போனில் ஓர் உதவி எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள்." இதைப் படித்த பிறகு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கூட்டிச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் ஆவணியில் திருநெல்வேலியில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அம்மாவுக்கு 81 வயது. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் அவரால் உட்கார முடியாது. பேத்தி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அழுதார். ரயிலில் ஏற்றி இறக்குவது நடக்காது. அதனால் பெங்களூருவிலேயே ஒருவரிடம் கேரவனை டிரைவரோடு வாடகைக்கு எடுத்தோம். இரவு 9 மணிக்கு அல்சூரிலிருந்து கிளம்பினோம். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி எல்லாம் தாண்டி, தொப்பூர் கணவாயில் இறங்கி, ஓமலூர் வருவதற்குள் பின்பக்கம் டமார் என்று சத்தம். மணி ஒன்றே கால்.

டயரின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டிரைவர் தம்பி பஞ்சர் கிட்டை எடுத்துக்கொண்டு வந்தார். கிட்டில் உள்ள திரவம் ஆணி குத்திய ஓட்டையை அடைக்கும். அதுவும் தரையில் உருளும் பகுதியில், ஐந்தாறு மில்லிமீட்டர் அளவுக்குள் இருந்தால்தான். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஊற்றிய அத்தனையும் ரோட்டில் வழிந்தது. "ஸ்டெப்னி எங்கே தம்பி?" என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்க வேண்டிய இடத்தில் கழிவுநீர்த் தொட்டியைப் பொருத்தியிருந்தார்கள். கழற்றிய ஸ்டெப்னி பெங்களூருவில் ஏதோ ஷெட்டில் கிடக்கிறதாம்.

உங்கள் கட்டுரையாளர் சொன்ன அதே உதவி எண் எங்களிடமும் இருந்தது. வண்டியின் எடையைக் கேட்டார்கள். இவ்வளவு பெரிய வண்டியை இழுக்க அந்தப் பக்கம் எங்களிடம் வண்டி இல்லை, காலையில் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். அப்புறம் நெடுஞ்சாலை உதவி எண் 1033-ஐ அழைத்தோம். ரோந்து வண்டி வந்தது. பின்னால் வருபவர்கள் மோதிவிடாதபடி கூம்புகளை வைத்துவிட்டு, அந்தப் பிள்ளைகள் எங்களோடு நெடுநேரம் நின்றார்கள். அவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவள். ஆனால் டயருக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இரண்டரை மணி இருக்கும். பெங்களூருவில் முட்டை இறக்கிவிட்டு நாமக்கல்லுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு லாரி ஓரம் கட்டியது. டிரைவரும் கிளீனரும் யாரும் கூப்பிடாமலே இறங்கி வந்தார்கள். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஜாக்கிக்கு அடியில் வைக்கப் பலகை, எல்லாம் கொண்டுவந்தார்கள். "ஸ்டெப்னியை எடுங்கம்மா, கால் மணி நேரத்துல மாட்டிடலாம்" என்றார் டிரைவர். இல்லை என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. அவர் லாரியில் இரண்டு ஸ்டெப்னி இருந்தன. அவை 20 அங்குலம், எங்கள் வண்டிக்கு 15. அவருக்குத் தெரிந்த பஞ்சர் கடைகளுக்கெல்லாம் போன் போட்டார். ராத்திரியில் திறந்திருப்பவை லாரிக்கான கடைகள்தான். எங்கள் அளவு வேண்டுமென்றால் காலையில் சேலத்தில் கடை திறக்க வேண்டும்.

ஆசிரியர் அவர்களே, நான் சொல்ல வந்தது இதுதான். ஸ்டெப்னியை நானே மாட்டுவேன் என்று யாரும் சுமப்பதில்லை. வழியில் போகிற ஒரு நல்ல மனிதர் இறங்கி வந்தால் அவர் கையில் கொடுக்க ஒன்று இருக்க வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு ஆள் இருந்தது, கருவி இருந்தது, மனசு இருந்தது. மாட்டுவதற்கு டயர் மட்டும் இல்லை.

விடிவதற்குள் வண்டியின் உள் பேட்டரி தீர்ந்து மின்விசிறி நின்றது. அம்மா வேர்த்துப்போய், "முகூர்த்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். முகூர்த்தம் ஏழரைக்கு. சேலத்திலிருந்து டயர் வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். நாங்கள் திருநெல்வேலி போனது சாயங்காலம் ஆறு மணிக்கு. பேத்தி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு புடவையில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களால் முடியாத" என்ற வார்த்தைக்கும் வருகிறேன். என் அப்பா கோலார் தங்க வயலில் லாரி ஓட்டியவர். 14 வயதில் எனக்கு வீல் கழற்றக் கற்றுக்கொடுத்தார். மற்ற சக்கரங்களுக்குக் கல் வை, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்து, அதற்கப்புறம் ஜாக்கி போடு, மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முறுக்கு. இன்றைக்கும் என் காருக்கு நான்தான் மாற்றுகிறேன். அப்பா எந்தப் பயணத்துக்கும் ஸ்டெப்னியில் காற்று பார்க்காமல் கிளம்பியதில்லை.

ஸ்டெப்னி என்பதே வழக்கொழிந்த சொல் என்றும் கட்டுரையில் இருந்தது. 1904-இல் வேல்ஸ் நாட்டின் லானெல்லி ஊரில் டேவிஸ் சகோதரர்கள் மாற்றுச் சக்கரத்தை விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கடை இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயர்தான் அதற்கு வந்தது. இன்றைக்கும் பெங்களூருவில் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் போய் ஸ்டெப்னி என்று கேட்டால் தெரியாத கடைக்காரர் இல்லை. வழக்கொழிந்ததா அது? சில வருடங்களுக்கு முன் உங்கள் சினிமா பக்கத்தில் இரண்டாம் தாரமாக நடித்த ஒரு பெண்ணை இதே சொல்லால் குறிப்பிட்டீர்கள். அது தவறு என்று அப்போதும் எழுதினேன். பதில் இல்லை.

ஐரோப்பாவில் கேரவன்களுக்கு ஸ்டெப்னி கொடுப்பதில்லை என்று கட்டுரையில் காட்டிய காரணம் உண்மைதான். அங்கே பல வண்டிகள் அப்படித்தான் வருகின்றன. சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம் என்பதால் கிலோ கணக்கில் எடையைக் குறைக்கிறார்கள். நம் கேரவன்கள் பெரும்பாலும் வேன்களில் கட்டப்படுபவை, ஓட்டுவதற்குத் தனி டிரைவர் இருக்கிறார். அந்தக் கணக்கு இங்கே எதற்கு?

நம் ஊர் விதியையும் அரைகுறையாகவே சொல்லியிருக்கிறீர்கள். ஸ்டெப்னி கட்டாயம் இல்லை என்று 2020 ஜூலையில் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தது சரி. ஆனால் அது டிரைவரையும் சேர்த்து 9 இருக்கைக்கு மேல் போகாத, 3.5 டன்னுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அதிலும் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பஞ்சர் கிட்டும் இருக்க வேண்டும். அந்தத் திருத்தம் வந்தபோதும் "இனி ஸ்டெப்னி தேவையில்லை" என்று இரண்டே வரியில் போட்டீர்கள். நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லி அப்போது நான் எழுதிய கடிதமும் வரவில்லை. சென்னை வாசகர்கள் எழுதினால் மறுவாரமே வருகிறது. பெங்களூரு தமிழர்களான நாங்கள் பத்திரிகை தாமதமாக வந்தாலும் காத்திருந்து வாங்குகிறோம். 22 வருடங்களாக வாங்குகிறேன்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த இணைப்பில் ஒரு சிறிய பெட்டிச் செய்தி போதும். 2020 திருத்தம் எந்த வண்டிக்குப் பொருந்தும் என்று நிபந்தனைகளோடு சொல்லுங்கள். கேரவன் வாடகைக்கு எடுப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் குனிந்து, வண்டிக்கு அடியில் ஸ்டெப்னி இருக்கிறதா, அதில் காற்று இருக்கிறதா, வண்டியின் எடையைத் தாங்கும் ஜாக்கி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடாத டயரும் வயதாகிக் கெட்டுப்போகும். அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். 3419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 34-ஆவது வாரத்தில் தயாரானது. 1033 என்ற எண்ணையும் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள்.

இடம் போதாவிட்டால் இந்தக் கல்யாணக் கதையை வெட்டிவிடுங்கள். நாமக்கல் லாரிக்காரர் இறங்கி வந்ததை மட்டும் வெட்டாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு